விசுக்கோத்துப் பேணியிற் கிடந்த காசுகள்

சென்ற ஆண்டு ஆடி மாதத்தில் ஒருநாட் பிற்பகல், என் தமக்கையாரின் மகள் ஒரு பழைய விசுக்கோத்துப் பேணியைத் துணியிற் சுற்றி எடுத்துக்கொண்டு என் வீட்டுக்கு வந்தாள். மேசைமீது துவாயொன்றை விரித்துப் பேணியை மெல்லக் கவிழ்த்தாள். வெள்ளியும் செப்பும் நிக்கலுமாகச் சிறிதும் பெரிதுமான காசுகள் சலசலத்து விழுந்தன. எண்ணினோம், எண்பத்து நான்கு.

"மாமா, இவற்றில் ஒன்று இலட்சக்கணக்கில் விலை போகுமாம். எது என்று பார்த்துச் சொல்லுங்கள்" என்றாள்.

அவள் கேட்டது வேடிக்கைக்காக அன்று. ஊரிலுள்ள எங்கள் பழைய வீட்டின் கூரை இறங்கிவிட்டது. அதைத் திருத்துவதற்குப் பணம் தேடிக்கொண்டிருந்த தமக்கையாரிடம், பழங்காசு வாங்கும் வியாபாரி ஒருவர் வந்து, பேணியோடு முழுவதையும் ஒரே விலைக்குக் கேட்டிருக்கிறார். பதினைந்து நாளில் மறுமொழி சொல்லவேண்டும்.

அப்பேணி என் பாட்டனாருடையது. 1995ஆம் ஆண்டு ஒக்ரோபர் இறுதியில் வலிகாமத்து மக்கள் பெருந்தொகையாக இடம்பெயர்ந்தபோது, காணி உறுதிகளோடு இதனையும் என் தாயார் பையில் வைத்துக்கொண்டு நடந்தார். வீட்டில் விட்டுச்சென்ற கணக்குப் புத்தகங்கள், கடிதங்கள், படங்கள் யாவும் திரும்பிச் சென்றபோது இல்லை. பாட்டனாரின் கைப்பட்ட பொருளென்று எஞ்சியது இது ஒன்றே. ஆகவே விற்பதா வைப்பதா என்று முடிவுசெய்யுமுன், இருப்பது என்ன என்று அறிவது எங்கள் கடமையாயிற்று. இத்தகைய பேணியோ சுருக்குப்பையோ வாசகர் பலர் வீட்டிலும் இருக்கக்கூடும். ஆதலால் நாங்கள் சென்ற வழியைச் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

துலக்குதல் ஆகாது

மருமகள் முதலிற் கேட்டது ஒரு பாதித் தேசிக்காய். கறுத்த செப்புகளைத் தேய்த்துப் பளபளப்பாக்கினால் எழுத்துத் தெரியும் என்பது அவள் எண்ணம். நான் பதறித் தடுத்தேன். காரணம், அதே காரியத்தை அதே காசுகளுக்கு நான் பத்து வயதிற் செய்திருக்கிறேன். பாட்டனார் திண்ணையில் உறங்கிய ஒரு மதியவேளையில், பழப்புளியும் சாம்பலும் செங்கற்றூளும் கொண்டு பன்னிரண்டு செப்புக்காசுகளைத் தேய்த்துப் பொன்போல ஆக்கி அவர்முன் வைத்தேன். அவர் என்னை ஏசவில்லை. ஒரு காசை எடுத்து நெடுநேரம் பார்த்துவிட்டுப் பேணியைப் பூட்டிவைத்தார். அந்த ஒரு காசைப்பற்றிப் பின்னர் சொல்கிறேன்.

பழஞ்செப்பின்மேற் படிந்திருக்கும் கருமையும் பசுமையும் அழுக்கல்ல. உலோகத்தின் மேற்றோலே காலப்போக்கில் அவ்வாறு மாறியிருக்கிறது. பல நூற்றாண்டு தேய்ந்த எழுத்தின் எஞ்சிய மேடு பெரும்பாலும் அத்தோலிலேதான் நிற்கிறது. புளியின் அமிலம் தோலை அரிக்க, சாம்பல் மேட்டைச் சமமாக்கிவிடும். தேய்ந்த எழுத்தை வாசிக்கச் சிறந்த கருவி வெளிச்சம். அறையை இருட்டாக்கி, விளக்கைக் காசுக்கு நேர்மேலே பிடியாமல் மேசை மட்டத்திற் சரிவாகப் பிடித்துப் பாருங்கள். இல்லையென்று நினைத்த கோடுகள் நிழலோடு எழுந்து நிற்கும். அந்நிலையிற் கைத்தொலைபேசியாற் படமெடுத்துப் பெரிதாக்கினால் போதும்.

அடுத்து, எதையும் பிரிக்குமுன் எண்பத்து நான்கையும் கிடந்தபடியே படம்பிடித்து எழுதிவைத்தோம். கலப்புக் காசு கைக்கு வந்தால், பெரும்பாலோர் நல்லதாகத் தோன்றுவதைப் பொறுக்கிக்கொண்டு மற்றதைச் சில்லறையென்று ஒதுக்குவர். அது பெரும் பிழை. ஒரு வீட்டிற் பல்லாண்டுகளாகச் சேர்ந்த கலப்புத்தானே ஒரு சாட்சி; எது எத்தனை இருந்தது என்பதும் அச்சாட்சியில் ஒரு பகுதி.

ரூபாக்கள்

ஆங்கில எழுத்தும் ஆண்டும் உடையவை நாற்பத்தொன்று. இயந்திரத்திற் செய்தவையாதலால் வட்டம் சீராகவும் விளிம்பு வரம்பிட்டும் இருந்தன. இவற்றை இனங்காணல் எளிது. கிழக்கிந்தியக் கம்பெனியின் வங்காளம், பம்பாய், சென்னை மாகாணங்கள் 1835 வரை வெவ்வேறு காசுகளை வழங்கின. அவ்வாண்டின் சட்டம் கம்பெனியின் ஆட்சிப் பகுதிகளுக்கெல்லாம் ஒரே ரூபாவை வகுத்தது. எடை 180 கிறெயின், அதாவது 11.66 கிராம், அதில் பன்னிரண்டிற் பதினொரு பங்கு தூய வெள்ளி. ஒரு தோலா என்பதும் இதே 180 கிறெயின்தான். ஆகவே இந்தியக் கடைத்தெருவில் ரூபா நாணயமாகவும் படிக்கல்லாகவும் பயன்பட்டது. நகைக்கடைத் தராசில் ஒவ்வொன்றாக வைத்துப் பார்த்தோம். தேய்மானத்தினாற் சிறிது குறைந்தும், ஏறக்குறைய எல்லாம் கணக்குக்கு ஒத்துவந்தன.

இந்திய ரூபா யாழ்ப்பாணத்துப் பேணியிற் கிடப்பது ஏன் என்று மருமகள் கேட்டாள். நல்ல கேள்வி. இலங்கையில் 1872ஆம் ஆண்டு முதல் ரூபாவும் நூறு சதமும் என்ற கணக்கு நடைமுறைக்கு வந்தபோதும், பிரித்தானியர் இலங்கைக்கென்று ஒரு ரூபா வெள்ளி நாணயத்தை என்றும் வார்க்கவில்லை. வெள்ளியில் 1892 முதல் வந்தவை 50, 25, 10 சதங்களே. ஒரு ரூபா நாணயம் என்றால் எங்கள் பாட்டன்மாருக்கு அது இந்திய ரூபாவே.

காந்தத்தை நெருக்கிப் போலிகளைப் பிரிக்கலாம் என்று யாரோ அவளுக்குச் சொல்லியிருந்தனர். வெள்ளியையும் செப்பையும் காந்தம் இழாது என்பது உண்மைதான். புலி உருவம் பொறித்த 1947ஆம் ஆண்டு ரூபா ஒன்று காந்தத்திற் பாய்ந்து ஒட்டிக்கொள்ளவே, போலியென்று அதனைத் தனியே தள்ளிவிட்டாள். அது போலியன்று. போர்க்காலத்தில் வெள்ளி அருகியதால் 1940இல் ரூபாவின் வெள்ளி பாதியாகக் குறைக்கப்பட்டது. 1947இல் வெள்ளியே இன்றித் தனி நிக்கலில் ரூபா வந்தது. நிக்கல் காந்தத்தில் ஒட்டும் உலோகம். இதே காரணத்தினால், ஆறாம் ஜோர்ஜின் தலையைக் கண்டவுடன் நல்ல வெள்ளி என்று நம்புவதும் தவறு. 1940க்குப் பிந்திய ரூபாவின் விளிம்பை நோக்கினால், வரிகளுக்கு நடுவே சுற்றிவர ஒரு பள்ளம் ஓடுவதைக் காணலாம். கள்ளக்காசு செய்வோரைத் தடுக்க இட்ட அடையாளம் அது.

ஐந்தாம் ஜோர்ஜின் 1911ஆம் ஆண்டு ரூபாவைப் பற்றி ஒரு கதையுண்டு. அரசர் அணிந்த பதக்க மாலையில் யானையொன்று தொங்கும். சிற்பி அதன் துதிக்கையையும் கால்களையும் குறுகச் செதுக்கிவிட்டதனால், அது பன்றியென மக்கள் எண்ணினர். முஸ்லிம்களின் மனம் புண்பட்டது. அரசாங்கம் அக்காசை நிறுத்தி, அடுத்த ஆண்டு யானையைத் திருத்தி வெளியிட்டது. எங்கள் பேணியில் 1911 இல்லை; 1912ஆம் ஆண்டு ரூபா மூன்று இருந்தன. மூன்றிலும் யானை யானையாகவே நின்றது.

ஆண்டு சொல்லும் பொய்

காசில் ஆண்டு இருந்தால் வேலை முடிந்தது என்று நினைப்போம். விக்டோரியாவின் இளமைத் தலையுடைய ரூபாக்கள் ஐந்திலும் 1840 என்றே இருந்தது. ஒரே ஆண்டிற் பாட்டனாரின் முன்னோர் ஐந்து ரூபா சேர்த்தனரோ? இல்லை. 1840 என்று பொறித்த வார்ப்பச்சு 1861 வரை மாற்றப்படவேயில்லை. தலையைச் சுற்றி எழுத்து இடையறாது ஓடினால் முந்தியது. தலையின் இருபுறமும் பிரிந்து நின்றால் பிந்தியது. இவ்வாறே 1862 என்று பொறித்த ரூபாவும் 1874 வரை அதே ஆண்டோடு வெளிவந்தது. அவற்றிற் சிலவற்றில் ஆண்டின் கீழே காணும் புள்ளிகளை எண்ணி, உண்மையான ஆண்டை ஆராய்ச்சியாளர் கணிப்பர். 1877 முதல் 'இராணி' என்ற இடத்தில் 'சக்கரவர்த்தினி' என்ற சொல் ஏறியது. அதன்பின் ஆண்டை ஆண்டாகவே நம்பலாம்.

இதனினும் பெரிய பொய்யைச் சொன்னது கையடிப்பான ஒரு வெள்ளிக்காசு. தடித்து, ஓரம் ஒழுங்கற்று, பாரசீக எழுத்து நிறைந்திருந்தது. அவ்வெழுத்தை முழுவதும் வாசிக்கத் தெரியவேண்டியதில்லை. பத்து எண்களையும் ஒரு மாலைப்பொழுதிற் கற்றுவிடலாம். மருமகள் கற்றுக்கொண்டு, "மாமா, 1172! எண்ணூறு ஆண்டுக்கு மேற்பட்டது!" என்று கூவினாள். அந்த 1172 கிறித்துவ ஆண்டு அன்று, ஹிஜ்ரி ஆண்டு. ஹிஜ்ரி ஆண்டு சந்திரனைக் கொண்டு எண்ணப்படுவதாற் சற்றுக் குறுகியது. நூற்றுக்கு மூன்று கழித்து 622ஐக் கூட்டினால் ஏறக்குறைய நமது ஆண்டு வரும். 1172இல் 35 போக 1137. அதனோடு 622 சேர 1759.

சரி, 1759 என்றாவது கொள்ளலாமா? அதுவும் இயலாது. இது ஆற்காட்டு ரூபா. மொகலாயச் சக்கரவர்த்தி இரண்டாம் ஆலம்கீரின் பெயரும் அவரது ஆறாம் ஆட்சியாண்டும் இதில் உள்ளன. அவர் 1759இற் கொலையுண்டார். ஆயினும், இறந்த அரசர் பெயரிலும் அதே 1172இலும் ஆற்காட்டு ரூபாவை ஆங்கிலக் கம்பெனி பல்லாண்டுகள் அடித்துக்கொண்டேயிருந்தது; பின்னர் இயந்திரத்தில் வார்த்த வட்டமான ரூபாவிலும் 1172தான். காரணம் வியாபாரம். பழைய ஆட்சியாண்டுக் காசை நீட்டினால், சராப்புகள் வட்டம் பிடித்துக்கொண்டுதான் மாற்றிக்கொடுப்பர். காசில் ஆண்டே மாறாதிருந்தால் எது பழையது என்று சொல்ல வழியில்லை, வட்டத்துக்கும் இடமில்லை. வங்காளத்திலும் இவ்வாறே இரண்டாம் ஷா ஆலத்தின் 19ஆம் ஆட்சியாண்டை நிலைநிறுத்தினர். எங்கள் காசை இன்னார் அடித்தார் என்று காட்டியது ஆண்டன்று. ஒரு மூலையிலிருந்த சிறு தாமரை. தாமரை சென்னைக் கம்பெனியின் அடையாளம். பிறைமதி இருந்திருந்தாற் புதுச்சேரிப் பிரெஞ்சுக்காரருடையது என்று கொள்வோம்.

யானை பொறித்த தடித்த செப்புகள் இரண்டு கிடந்தன. யானையைக் கண்டால் மைசூரை நினைக்கலாம். ஹைதர் அலியும் அவர் மகன் திப்பு சுல்தானும் யானைக்காசுகளை ஏராளமாக வெளியிட்டனர். மருமகள் எண்ணை வாசித்து, "6121" என்றாள். உலகில் எந்த ஆண்டு முறையிலும் வராத எண் என்று சிரித்தாள். திப்பு புதியதோர் ஆண்டுமுறையை ஏற்படுத்தி, எண்களையும் வலமிருந்து இடமாக எழுதச் செய்தவர். ஆகவே அது 1216. நமது கணக்கில் 1788 அளவில் வரும். தன் பைசாவுக்கு அவர் இட்ட பெயர் 'சுஹ்ரா', அதாவது வெள்ளிக்கோள். 1799ஆம் ஆண்டு மே மாதத்திற் சீரங்கப்பட்டணம் வீழ்ந்து அவரும் மடிந்தபின், மைசூர் உடையாரின் காசுகளிலும் யானை தொடர்ந்து நின்றது. ஆனால் அவற்றிற் கன்னட எழுத்தைக் காணலாம்.

சென்னைக் கம்பெனியின் பெரிய செப்பு ஒன்றில், இரண்டு பெருக்கற் குறிகள் போல உரோமன் எண்ணில் இருபது என்றும், 1808 என்றும் இருந்தன. மறுபுறத்துப் பாரசீகம், இருபது காசு நான்கு பலூஸ் ஆகும் என்று கணக்குச் சொல்கிறது. இவ்வகைக் காசுகள் இங்கிலாந்தில், பர்மிங்ஹாம் நகரத்தில் வார்க்கப்பட்டுச் சென்னைக்குக் கப்பலேறின. அவற்றைப் பெருந்தொகையாக ஏற்றிவந்த 'அட்மிரல் கார்டினர்' என்ற கப்பல், 1809 சனவரியில் இங்கிலாந்தின் கரையைவிட்டு நீங்குமுன்னரே குட்வின் மணற்றிட்டில் மோதி மூழ்கிற்று. 1980களில் முத்துக்குளிப்போர்போல மூழ்கியவர்கள் அக்காசுகளை இலட்சக்கணக்கில் அள்ளியெடுத்தனர். இதனால் இருநூறாண்டு பழைய இந்தக் காசு, இன்று சேகரிப்போருக்கு மிக எளிய விலையிற் கிடைக்கிறது. பழைமை வேறு, அருமை வேறு.

தமிழெழுத்துச் செப்புகள்

ஒரு சிறு செப்பைச் சரிந்த வெளிச்சத்திற் பிடித்திருந்த மருமகள் திடீரென்று மௌனமானாள். பிறகு எழுத்தெழுத்தாக, "பு... து..." என்றாள். புதுச்சேரி! பிரெஞ்சுக்காரர் தம் தமிழ்க்குடிகளுக்காக வெளியிட்ட 'துட்டு' அது. ஒருபுறம் தமிழிற் புதுச்சேரி என்ற பெயர். மறுபுறம் பிரெஞ்சு அரசகுலத்தின் அல்லிமலர்ச் சின்னம். அம்மலரை எங்கள் ஆச்சி சூலம் என்று நம்பி, இக்காசை வெள்ளிக்கிழமைகளிற் கண்ணில் ஒற்றிக்கொள்வார் என்று தமக்கையார் பின்னர் சொன்னார். அக்காலத்துக் காசெழுத்திற் புள்ளியை எதிர்பார்க்கக்கூடாது. எழுத்து முழுவதும் விழுந்திருக்கும் என்றும் எதிர்பார்க்கக்கூடாது. அச்சு பெரிதாகவும் செப்புத்துண்டு சிறிதாகவும் இருந்தமையாற் பாதி எழுத்து வெளியே போய்விடும். இரண்டு மூன்று காசுகளை அடுக்கி, ஒன்றில் இல்லாததை மற்றொன்றிலிருந்து நிரப்பி வாசிப்பதே வழக்கம். காரைக்கால் என்ற பெயருடைய துட்டும், நாகப்பட்டணம் என்று எழுதிய ஒல்லாந்தர் காசும் இவ்வாறே தமிழெழுத்தால் இனங்காணப்படுவன. ஒல்லாந்தர் தம் நாட்டில் வார்த்துக் கீழ்த்திசைக்கு அனுப்பிய வேறு செப்புக்காசுகளிற் கம்பெனியின் மூன்றெழுத்து பின்னிய முத்திரையும் ஆண்டும் தெளிவாக இருக்கும். எங்கள் பேணியில் அவை ஆறு, அவற்றாற் சிரமமில்லை.

இன்னொரு செப்பில், ஒருபுறம் படுத்த எருதும், 'சேது' என்ற இரண்டெழுத்தும் இருந்தன. சேது என்றதும் இராமநாதபுரத்துச் சேதுபதி மன்னர்தானே நினைவுக்கு வருவர்? அறிஞரும் முதலில் அவ்வாறே நினைத்தனர். யாழ்ப்பாணத்து ஆரியச்சக்கரவர்த்திகளுக்கும் சேது என்பது அடையாளச் சொல் என்பதை எடுத்துக்காட்டி, இவை யாழ்ப்பாண அரசின் காசுகள் என்று நிறுவியவர்கள் முதலியார் இராசநாயகம், சுவாமி ஞானப்பிரகாசர் போன்றோர். கற்றவரே தடுமாறிய இடத்தில், ஒரு சொல்லை மட்டும் பிடித்துக்கொண்டு முடிவுகட்டுதல் நமக்கு அழகன்று.

மீன்செதிள்கள்

பேணியின் அடியில், மடித்த தாளொன்றுக்குள் மீன்செதிள்போலப் பத்து வெள்ளித் துகள்கள் இருந்தன. அரைக் கிராமும் எடையில்லை. எழுத்தில்லை, புள்ளியும் கோடுமே. அறுந்துபோன நகையின் துண்டுகள் என்று நினைத்தோம். நகைக்கடைக்காரரும் அவ்வாறே சொல்லி, உருக்கலாம் என்றார்.

அவை திருவிதாங்கூரின் சக்கரங்கள். பதினாறு காசு ஒரு சக்கரம். நான்கு சக்கரம் ஒரு பணம். ஏழு பணம் ஒரு ரூபா. ஆகவே ஒரு ரூபாவுக்கு 28 சக்கரம். கையால் எண்ணமுடியாத இவற்றை எண்ணுவதற்குச் சக்கரப்பலகை என்ற ஒன்று இருந்தது. பலகையில் வரிசைவரிசையாகச் சிறு குழிகள் குடையப்பட்டிருக்கும். ஒருபிடி சக்கரத்தை அதன்மேல் வீசி, அசைத்து, மிகுதியை வழித்துவிட்டால், குழிக்கு ஒன்றாக நிற்கும். குழிகளின் தொகையே காசின் தொகை.

சங்கு முத்திரையுள்ள திருவிதாங்கூர்க் காசுகள் இன்னும் சில இருந்தன. எல்லாம் சேரப் பதினெட்டு. ரூபாக்களை விட்டால் இதுவே பேணியிற் பெரிய கூட்டம். இங்கேதான் பாட்டனார் முன்வந்து நின்றார். யாழ்ப்பாணத்துப் புகையிலைக்குத் திருவிதாங்கூர் நெடுங்காலம் பெருஞ்சந்தையாக விளங்கியது. அச்சந்தைக்கென்றே பயிரிட்ட வகையை இன்றும் முதியோர் 'மலையாளப் புகையிலை' என்பர். பாட்டனாரும் சிப்பம் கட்டி வத்தையில் ஏற்றியவர் என்று கேள்விப்பட்டிருக்கிறோம். ஆனால், தாம் பிறந்த 1930ஆம் ஆண்டோடு அத்தொழில் முடிந்துபோயிற்று என்பது என் தாயார் எப்போதும் சொல்லிவந்தது.

செப்புச் சக்கரங்கள் ஏழில் மன்னரின் தலையும் 1114 என்ற ஆண்டும் இருந்தன. அது கொல்லம் ஆண்டு. 824 அல்லது 825ஐக் கூட்டவேண்டும். எனவே 1938–39. ஏழும் ஒரே ஆண்டின; ஏழும் தேயாதவை. கைமாறிக் கைமாறி வந்த சில்லறை இவ்வாறு இராது. தாயார் ஒன்பது வயதுச் சிறுமியாக இருந்தபோதும், பாட்டனார் அக்கரையோடு ஏதோ ஒரு கொடுக்கல் வாங்கலில் இருந்திருக்கிறார். கணக்குப் புத்தகம் அழிந்துவிட்ட வீட்டில், இதைச் சொல்ல வேறு சாட்சி இல்லை. வியாபாரி இப்பதினெட்டையும் 'சில்லறை' என்ற தலைப்பிற் போட்டிருந்தார்.

இலட்ச ரூபாக் காசு

மருமகள் தேடிவந்த காசு எது என்று வாசகர் கேட்கக்கூடும். அது பெரிய செப்பு வட்டம். ஒருபுறம் இராமர், சீதை, இலக்குவன், அனுமன். மறுபுறம் ஆங்கிலத்திற் கிழக்கிந்தியக் கம்பெனி, அரையணா, 1818. இது இலட்சக்கணக்கில் விலைபோகும் என்ற செய்தி தொலைபேசிக்குத் தொலைபேசி பறந்துகொண்டிருக்கிறது.

ஆங்கிலேயர் இந்துத் தெய்வங்களைக் காசிற் பொறிக்கமாட்டார் என்று சிலர் இதை மறுப்பர். அந்த வாதம் செல்லாது. சென்னைக் கம்பெனியின் நட்சத்திர வராகனில் திருமாலின் உருவம் உண்டு. உண்மையான காரணங்கள் வேறு. 1818இற் கம்பெனிக்கு எல்லாப் பகுதிக்கும் பொதுவான காசு இல்லை. ஆங்கிலத்திற் கம்பெனியின் பெயர் தாங்கிய பொது அரையணா 1835இன் ஒழுங்கில் வந்தது. அந்த அரையணாவின் எடை 200 கிறெயின், ஏறத்தாழ 13 கிராம். எங்களுடையது 21 கிராம் நிறுத்தது. இத்தகைய வேறு வட்டங்கள் ஒவ்வொன்றும் ஒவ்வோர் எடை காட்டும். கம்பெனி இந்தியாவுக்கு வருமுன்னுள்ள ஆண்டைத் தாங்கியவைகூட உண்டு. கம்பெனி இப்படியொரு காசை வெளியிட்டதாக நாணய அட்டவணை எதிலும் இல்லை. இது கோயில் வாசற் கடைகளில் யாத்திரிகருக்கு விற்கப்பட்ட தெய்வ வில்லை. வெள்ளியிற் செய்த பழைய இராமடங்காக்கள் பூசைக்குரிய நல்ல பொருள்கள், அவற்றை இகழவேண்டியதில்லை. ஆனால் காசல்ல.

இதைச் சொன்னபோது மருமகளின் முகம் வாடிற்று. கூரையை அவள் மனத்தில் ஏற்கெனவே வேய்ந்துவிட்டாள் போலும்.

தேய்த்த காசு

கடைசியாக, நான் பத்து வயதிற் பொன்னாக்கிய காசு. அறுபது ஆண்டில் அது மறுபடி மங்கிச் செந்நிறமாயிருந்தது. ஒருபுறம் நின்ற மனிதன், மறுபுறம் அமர்ந்த மனிதன் என்பது நிழல்போலத் தெரிந்தது. இது முதலாம் இராசராசன் வெளியிட்ட செப்புக்காசின் வடிவம். அமர்ந்திருப்பவனின் இடக்கையின் கீழ், நாகரி எழுத்தில் மூன்று வரியாக 'ஸ்ரீ ராஜராஜ' என்றிருக்கும். சோழர் 993ஆம் ஆண்டளவில் இலங்கையின் வடபகுதியைக் கைப்பற்றியபின் இவ்வடிவம் இங்கே வேரூன்றியது. அவர்கள் போனபின்னும் பராக்கிரமபாகு, நிசங்கமல்லன், லீலாவதி ஆகியோர் இதே நின்ற மனிதனையும் அமர்ந்த மனிதனையும் வைத்துத் தத்தம் பெயரை மட்டும் மாற்றி அடித்தனர். ஆகவே தஞ்சைச் சோழனுடையதா, பொலநறுவை அரசருடையதா என்று சொல்லவல்லவை அந்தச் சில எழுத்துகளே. சரிந்த விளக்கில் எத்தனை முறை பார்த்தும் கையின் கீழ் ஒன்றுமில்லை. அவ்விடத்திற் கொக்கிகள் போன்ற சில கோடுகளைக் கண்ட நினைவு எனக்கு உண்டு. அழுக்கென்று அவற்றைச் செங்கற்றூள் இட்டு இருமுறை தேய்த்தேன்.

பதினைந்தாம் நாள் வியாபாரி வந்தார். பட்டியலைக் கண்டதும் பேச்சின் தொனி மாறிற்று. ஒவ்வொரு வகையிலும் இரண்டை வைத்துக்கொண்டு, பொதுவாகக் கிடைக்கும் வெள்ளி ரூபாக்கள் பத்தொன்பதைத் தமக்கையார் கொடுத்தார். முழுப் பேணிக்கும் முன்பு பேசிய விலையைவிட அப்பத்தொன்பதின் விலை சற்றுக் கூடுதலாகவே வந்தது. கூரையின் ஒரு பக்கத்துக்கு அது போதும். 1815 மார்ச் 2க்கு முற்பட்டவை 1940ஆம் ஆண்டின் தொல்பொருட் சட்டப்படி தொல்பொருள்கள். அனுமதிப்பத்திரமின்றி அவற்றை நாட்டுக்கு வெளியே கொண்டுபோகலாகாது என்பதையும் வெளிநாட்டிலிருந்து கேட்ட உறவினர் ஒருவருக்கு எழுதினோம். இராமர் வில்லை சுவாமியறைக்குப் போயிற்று.

எஞ்சியவற்றை மருமகள் தனித்தனிக் கடிதவுறையில் இட்டு, உலோகம், எடை, எழுத்து, ஆண்டு என்று பென்சிலாற் குறித்தாள். திருவிதாங்கூர்க் காசுகள் பதினெட்டும் ஒரே உறையில், அந்தப் பழைய மடித்த தாளோடு. கடைசிக் காசுக்கு என்ன எழுதுவது என்று கேட்டாள். உள்ளதை எழுது என்றேன். சற்று யோசித்து, "இராசராசன் அல்லது பின்வந்த இலங்கையரசர் ஒருவர், எழுத்து மாமாவால் தேய்க்கப்பட்டது" என்று எழுதி உறையை ஒட்டினாள்.